கொசுறும் கணக்கும்

எழுபதுகளின் அடையாறில் ஒரு கட்டு முளைக்கீரை வாங்குவது அரை மணி நேரக் கச்சேரி. அம்மா விலையைக் குறைக்க, கீரைக்காரம்மா "கட்டுப்படியாவாதும்மா" என்று கூடையைத் தூக்குவதுபோல் பாவனை செய்ய, பிறகு இருவரும் சமாதானமாகி ஊர்க்கதை பேசி முடிக்கும்வரை, கொசுறாக வரப்போகும் கறிவேப்பிலைக்காக நான் வாசலில் நிற்பேன். உங்கள் தெருவிலும் யாரோ வந்திருப்பார், நீங்களும் நின்றிருப்பீர்கள்.

அந்தத் தாராளத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. விடிகாலையில் கீரைக்காரம்மா பத்து ரூபாய் கடன் கேட்டால் வட்டிக்காரர் ஒன்பதுதான் தருவார், பொழுது சாய்வதற்குள் பத்தாகத் திருப்ப வேண்டும். வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்து, கூட்டுவட்டியைத் தலைகீழாக ஒப்பித்த எனக்கு இந்த வட்டி எந்தப் பாடத்திலும் வரவில்லை. 1978-இல் 'ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்' தொடங்கிய ஜெயா அருணாசலத்துக்கு வந்தது. கூடைக்காரிகளும் பூக்காரிகளும் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்று கடன் வாங்கலாம் என்று அவர் வழி செய்தார். அடகு வைக்க நகையில்லாதவர்களுக்கு அண்டை வீட்டுக்காரியின் வாக்கே நகை.

எங்கள் கீரைக்காரம்மாவின் கூடைக்குப் பின்னாலேயே வருவாள் அவர் மகள், ஒரு சின்னப்பெண். அவள் படித்தது அவ்வை இல்லத்துப் பள்ளியில். தேவதாசிக் குலத்துச் சிறுமிகள் அடைக்கலம் கேட்டு வந்தபோது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் வீட்டிலேயே இடம் கொடுத்து 1930-இல் ஆரம்பித்தது அந்த இல்லம். அதன் மதிலோரமாக தினமும் சைக்கிள் மிதித்த நானோ, ஔவைப் பாட்டி குடியிருந்த வீடு போலும் என்று வெகுநாள் மரியாதையாக மணி அடிக்காமல் கடந்திருக்கிறேன்.

அந்தப் பெண் இப்போது சாஸ்திரி நகரில் கடை வைத்திருக்கிறாள். இட்லி மாவு, பருப்புப்பொடி, ஆய்ந்து நறுக்கி டப்பாவில் அடைத்த கீரை. உள்ளே நாலைந்து பெண்கள் வேலை. பேரம் இல்லை, ஊர்க்கதை இல்லை, பணம் வந்துவிட்டதை ஒரு பெட்டி ஊருக்கே கேட்கக் கத்துகிறது. கறிவேப்பிலைக்குத் தனி விலை. வாங்கும்போதெல்லாம் மனசு கொஞ்சம் முணுமுணுக்கிறது. ஆனால் அவள் தாயார் கொசுறாகக் கொடுத்தது வட்டிக்காரர் தின்றதுபோக மிஞ்சியதில் ஒரு பங்கு என்று புரிந்த பிறகு, முணுமுணுப்பைச் சத்தமாகச் சொல்ல வாய் வருவதில்லை.

போன வாரம் அவளே கேட்டாள்: "அண்ணா, ரிட்டயர்டாகி சும்மாதானே இருக்கீங்க, நம்ம கடைக் கணக்கைப் பாத்துத் தர்றீங்களா?" ஜிஎஸ்டி தெரியாதே என்றேன். "அதனால என்ன, என் பொண்ணு சொல்லித் தருவா."