புஷ்ஷும் புஷ்பக விமானமும்

கேள்வி: பழைய மாருதி 800-ஐ விடுமுறை நாட்களில் பந்தயத்தில் ஓட்டுகிறேன். வளைவில் மிகவும் சாய்கிறது. ஸ்டெபிலைசர் பாரைத் தடிமனாக மாற்றட்டுமா, ரப்பர் புஷ்ஷை மாற்றினால் போதுமா? (கோயம்புத்தூர் அன்பர்)

பதில்: முதலில் குனிந்து புஷ்ஷைப் பாருங்கள். இரு சக்கரங்களும் ஒருமிக்க மேடேறும்போது புஷ்ஷுக்குள் சாவதானமாகத் திரும்பிக் கொடுப்பதும், வளைவிலே வெளிச்சக்கரம் அமுங்கி உட்சக்கரம் தொங்கும் சமயத்தில் முறுக்குண்டு சாய்வை எதிர்ப்பதுமே ஸ்டெபிலைசர் கம்பியின் தர்மம். ஆனால் அதை வண்டியின் உடலோடு பிணைக்கும் ரப்பர் தேய்ந்து இளகியிருந்தாலோ, சாய்வு தொடங்கிய கணத்தில் ரப்பர்தான் நசுங்கிக் கொடுக்குமேயன்றி, கம்பியானது, பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் வந்து சேரும் சம்பந்தியைப் போல, சாவகாசமாகத்தான் காரியத்தில் இறங்கும். விட்டத்தை 10 சதவிகிதம் கூட்டினால் விறைப்பு சுமார் 46 சதவிகிதம் கூடும் என்பது வாஸ்தவமே. அந்தக் கணக்கு செல்லுபடியாவதற்கும் கம்பி தன் இடத்தில் ஆடாமல் நிற்க வேண்டும்.

தங்கள் வண்டியில் ஒரு விசேஷமும் உண்டு. மாக்பெர்சன் என்ற அமெரிக்கர் வகுத்த சஸ்பென்ஷன் அமைப்பையொட்டிப் பல சிறு வண்டிகளில் கையாளப்பட்ட சிக்கனத்தின்படி, முன்புறக் கம்பிக்கு, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மை முன்பின் நகராமல் நிறுத்தும் உபரி உத்தியோகமும் சம்பளமின்றி அளிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அங்கே புஷ் தேய்ந்தால் சாய்வோடு போகாது. பிரேக்கை மிதித்ததும் சக்கரம் பின்னுக்கு நகர, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

கேள்வி: பாலியூரித்தேன் புஷ் போட்டதிலிருந்து என் கார் கிறீச்சிடுகிறதே?

பதில்: ரப்பர் கம்பியோடு சேர்ந்து தானும் கொஞ்சம் முறுகிக் கொடுக்கும் சுபாவமுடையது, பாலியூரித்தேனுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது, கம்பி அதற்குள் வழுக்கித்தான் திரும்ப வேண்டும். சிலிகோன் கிரீஸ் தடவுங்கள். சத்தத்தைவிடக் கவனிக்க வேண்டியது இறுக்கம்: இரு முனைகளிலும் லிங்க்குகளைக் கழற்றிவிட்டுக் கையால் தூக்கினால் கம்பி சுலபமாக எழ வேண்டும். எழவில்லையென்றால், இரு சக்கரமும் ஒன்றாக ஏறும் மேட்டில்கூட அது வீண் எதிர்ப்புக் காட்டும்.

கேள்வி: புஷ்ஷை மாற்றினால் எத்தனை விநாடி குறையும்?

பதில்: புஷ்ஷை மாற்றியதும் வண்டி புஷ்பக விமானமாகிவிடாது. ஸ்டியரிங்குக்கு உடனே மறுமொழி கிடைக்கும், அவ்வளவே. முன்புறத்தை மட்டும் அளவு மீறி விறைப்பாக்கினால் நீங்கள் திருப்பியும் வண்டி நேரே போகப் பார்க்கும். பின்புறத்தை விறைப்பாக்கினாலோ வால் முந்திக்கொண்டு வந்து உங்களுக்கே முகம் காட்டும்.

கேள்வி: அந்நாளில் சோழவரம் விமானத் தளத்தில் பந்தயம் ஓட்டிய என் மாமா, புஷ்ஷையெல்லாம் தாம் பார்த்ததே இல்லை என்கிறாரே?

பதில்: மாமா பார்த்திருக்க மாட்டார். அவருடைய மெக்கானிக் பார்த்திருப்பார்.