பொண்டாட்டி போடுற மனு

வா பேராண்டி, ஒக்காரு. அமெரிக்கா போவப்போற மாப்ள, திண்ணையத் தட்டிட்டுத்தான் ஒக்காருவியோ?

நம்ம பெண்ணாடத்துத் தூங்கானை மாடக் கோயில்ல அப்பர் சாமி விண்ணப்பம் வச்சாரு. பூதம் ஒண்ணு வந்து தோள்ல சூலக்குறியும் எடபக்குறியும் குத்திட்டுப் போச்சு. பீசு இல்ல, கைரேகை இல்ல. நீ அப்பரா? ஒனக்கு விசா முத்திர விழணும்னா மொதல்ல ஒம் பொண்டாட்டி ஐ-130ன்னு மனு போடணும். அந்த நாட்டுப் பிரஜை அவதான, நீயில்ல. மீசைய முறுக்குறத கொஞ்ச நாளு தள்ளி வையி.

வருமானக் கணக்கும் அவதான் காட்டணும். அங்க வறுமைக்கோடுன்னு ஒண்ணு வச்சிருக்கான். அதுக்கு நூத்துக்கு 125 வீதம் அவளுக்கு வருமானம் இருக்கணும். பத்தலன்னா இன்னொருத்தர் கூட சேந்து பொறுப்பேத்துக்கலாம். பொண்ணு பாக்கப் போனப்ப மாப்ளைக்கு என்னா சம்பளம்னு கேட்டாங்களே, இப்ப கேள்வி எந்தப் பக்கம் திரும்பிடிச்சி பாத்தியா?

ஒண்ணு மட்டும் ஒனக்கு நல்ல நேரம். அக்கா தம்பிக்குப் போட்ட மனுவெல்லாம் 15 வருசத்துக்கு மேல வரிசையில கெடக்குது. புருசன் பொண்டாட்டிக்கு அந்த வரிசை கெடையாது. ஆனா காயிதம் மட்டும் சுத்தமா இருக்கணும்.

மாரியம்மன் கோயில்ல தாலி கட்டுனன், ஊரே பாத்துதுன்னு சொல்லுவ. ஊரு சொன்னா மும்பை தூதரகத்துல எடுபடுமா? 2009லயே நம்ம அரசாங்கம் சட்டம் போட்டுடிச்சி, கல்யாணமான 90 நாளுக்குள்ள சார்பதிவாளர் ஆபீசுல பதியணும்னு. நீ விருந்துக்குப் போயி கறிசோறு தின்னுட்டுத் திரிஞ்ச. போலீசு சான்று, பொறந்த சான்று, மருத்துவப் பரிசோதனைன்னு இன்னம் கெடக்குது.

அப்பறம் பேரு. நம்ம ஆளுவோ அப்பன் பேர ஒத்த எழுத்தா முன்னால போட்டு முடிச்சிடுவோம். பாஸ்போட்டுல ஒத்தப் பேரா நின்னா, அதக் குடும்பப் பேருன்னு எடுத்துக்கிட்டு, ஒம் பேரு எடத்துல எஃப்.என்.யு.ன்னு அடிச்சிடுவான். பேரு தெரியாதவன்னு அர்த்தம். கடன் சொல்லாத டீக்கட பெண்ணாடத்துல உண்டா ஒனக்கு? அங்க போயி பேரு தெரியாதவனா நிக்காத.

நேர்காணல்ல எப்பிடிப் பழக்கம், எத்தினி தடவ பாத்தீங்கன்னு கேப்பான். ஒங் கல்யாண ஆல்பத்தப் பெரட்டிப் பாத்தன். பந்தியில பெரியப்பா அப்பளம் நொறுக்குறாரு, சித்தப்பன் வெத்தல போடுறான், நீங்க ரெண்டு பேரும் மட்டும் இருக்குறது பொறுக்கி எடுத்தாத்தான் தேறுது. மொய் நோட்டையும் மடியில கட்டிக்க. ‘எறையூர் கொழுந்தியா வூடு 501, பித்தள அண்டா ஒண்ணு’ன்னு எழுதியிருக்கே, பொய்க் கல்யாணத்துக்கு எவனாவது அண்டா வைப்பானா?

சிரிக்காத. விசாவுக்காவ பொய்க் கல்யாணம் கட்டி மாட்டுனா அங்க 5 வருசம் வரைக்கும் ஜெயிலு, ரெண்டர லச்சம் டாலரு வரைக்கும் அபராதம். தூதரகத்துல தெரிஞ்சே பொய் சொன்னாலும் ஆயுசுக்கும் கதவு சாத்திக்கும். அவ பொறந்தநாளு தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. எந்தப் புருசனுக்குத் தெரியுதுன்னு அதிகாரிக்கும் தெரியும்.

அங்க எறங்குற அன்னிக்கி கல்யாணமாயி ரெண்டு வருசம் தாண்டியிருந்தா பத்து வருச கிரீன் கார்டு அட்ட. தாண்டலன்னா ரெண்டு வருசத்துக்கு மட்டும் கெடு வச்ச அட்ட. கள்ளக் கல்யாணத்த ஒழிக்க 1986ல கொண்டாந்த சட்டம் அது. கெடு முடியறதுக்கு முந்தின 90 நாளுக்குள்ள ரெண்டு பேரும் சேந்து கையெழுத்துப் போட்டு மறுபடி மனு குடுக்கணும்.

அதனால பேராண்டி, அந்த 90 நாளு நெருங்குறப்ப அவ எதச் சொன்னாலும் தலைய ஆட்டு. பாத்திரம் கழுவச் சொன்னா கழுவு. அட்ட கைக்கு வந்தப்பறம் நிறுத்திக்கலாமான்னா கேக்குற? எனக்கு எந்த ஆபீசும் கெடு வைக்கல, அட்டயும் குடுக்கல. நானே இன்னம் ஆட்டிக்கிட்டுத்தான்டா இருக்கன்.