மாமாவுக்கு எதற்கு ஓதக் கணக்கு?

வெளியூர்ப் பயணத்துக்கு எங்கள் மாமாவைப் போல முன்னேற்பாடு செய்கிறவரை மதுரை மண்ணில் நான் பார்த்ததில்லை. ராகு காலம், எமகண்டம், குளிகை, யாருக்குச் சந்திராஷ்டமம் என்று தினசரி காலண்டர் தாளை முதல் நாள் இரவே வரிவரியாகப் படித்து முடித்துவிடுவார். போன வருஷம் ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் எல்லாரையும் தனுஷ்கோடிக்கு அழைத்துப் போனபோதும் அப்படித்தான். சனிக்கிழமை கிழக்கே சூலம், பரிகாரம் தயிர். "ராமேஸ்வரம் தென்கிழக்குல்ல மாமா இருக்கு?" என்றேன். "பாதி கிழக்கு இருக்குல்ல மாப்ளே, எதுக்கு வம்பு?" என்று காரில் ஏறும் முன் ஆளுக்கு ஒரு கரண்டி தயிர் கொடுத்தார். ஒன்பது மணிக்கு ராகு காலம் பிறப்பதற்குள் பாம்பன் பாலத்தைத் தாண்டிவிட்டோம். அதற்காக அவர் ஓட்டிய வேகத்தை இங்கே எழுதினால் போக்குவரத்துக் காவலர் மனம் புண்படும்.

அதே தாளின் ஓரத்தில் ஒரு வெள்ளை வட்டம் அச்சிட்டிருந்தது. பௌர்ணமி. மாமா அதையும் கவனிக்காமல் விடவில்லை. ராமநாதசுவாமியைத் தரிசிக்க நல்ல நாள் என்று பூரித்துப்போனார். கடற்கரையில் பிறந்தவர்களுக்கு அந்த வட்டத்தைப் பார்த்தால் இப்படி உயர்ந்த எண்ணமெல்லாம் வருவதில்லை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும், ஓதம் அன்று பெரிதாக ஏறும், பெரிதாக வற்றும், அஷ்டமி வாக்கில் அடங்கும் என்று புத்தி அங்கேயே நின்றுவிடுகிறது. இன்று காலை எத்தனை மணிக்கு ஏறியதோ நாளை அதற்குச் சுமார் ஐம்பது நிமிஷம் பிந்தி ஏறும் என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரே காலண்டர் தாள். மாமா அதில் கைலாயத்தைப் பார்த்தார், அவர்கள் வெறும் தண்ணீரைப் பார்த்தார்கள். பார்வை விசாலம் என்பது எல்லாருக்கும் வாய்ப்பதா?

தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்குப் போகும் வழியில் கரையோரம் வள்ளங்களை மணலில் மேலே ஏற்றி வைத்திருந்தார்கள். ஒன்றுகூடத் தண்ணீரில் இல்லை. எங்களுக்கெல்லாம் அது ஏதோ போல இருந்தது. மாமா மட்டும் ஒரு நொடியில் விஷயத்தைப் பிடித்துவிட்டார். "பாத்தியா, இன்னைக்குக் கடல் ஃப்ரீயா இருக்கு. நமக்கு வசதி."

இந்த மனத்தெளிவுதான் மீனவர்களிடம் இல்லை. பாவம், நாற்பது வருஷம் கடலிலேயே கிடந்தும் அவர்களுக்குக் கடல்மேல் நம்பிக்கை வரவில்லை. வள்ளத்தைத் தள்ளும் முன் அரை மணி நேரம் கரையில் உட்கார்ந்து தண்ணீரையே வெறித்துக்கொண்டிருக்கிறார்கள். நிறம் பார்க்கிறார்கள், அலை எங்கே உடைகிறது என்று பார்க்கிறார்கள், நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பார்க்கிறார்கள். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், தெற்கிலிருந்து வந்தால் சோழகம், மேற்கிலிருந்து வந்தால் கச்சான் என்று காற்றுக்கு இத்தனை பெயர் வைத்துக்கொண்டு குழம்புகிறார்கள். மாமாவிடம் ஒரே சொல்தான். "நல்லா காத்து வருது." அன்று அடித்தது தென்மேற்கு. சாலைக்குத் தென்புறம் மன்னார் வளைகுடா. ஆண் கடல் என்பார்கள் அந்தப் பக்கத்தார். வடபுறத்தில் பாக் நீரிணையான பெண் கடல் குளம்போலக் கிடந்தது. வாடைக்காலத்தில் இந்தக் குணம் மாறி, குளம் கொதிக்க ஆரம்பிக்கும் என்பது வேறு கதை. அலையே இல்லாத கடலில் என்ன இருக்கிறது என்று மாமா தெற்கே இறங்கினார். "குளிக்கத் தடை" என்ற பலகையில் துண்டைத் தொங்கப்போட்டது அவர்தான். கடற்கரையில் துண்டு போட அதைவிட நல்ல இடம் கிடையாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதற்கு முன்பே இடிந்த தேவாலயத்தில் படம் எடுத்துக்கொண்டாயிற்று. கூரை இல்லாததால் வெளிச்சம் பிரமாதமாக விழுகிறது என்றார். அந்தக் கூரை 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலோடு போனது. அதே இரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போய்விட்டது. சிக்னல் விளக்கு எரியவில்லை, ஓட்டுநர் காத்திருந்து பார்த்துவிட்டு ரயிலை எடுத்தார் என்று சொல்வார்கள். அவருக்குச் சிக்னல் இல்லை. மாமாவின் கைப்பேசியில் சிக்னல் நாலு கோடும் நின்றது. அதில்தான் ரீல்ஸ் ஏற்றினார்.

அந்தக் கைப்பேசியில் இன்னொன்றும் பார்க்கலாம் என்று சொல்லிவைத்தேன். ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்று கடல்சார் தகவல் மையம் இருக்கிறது. எந்தக் கரையில் எத்தனை அடிக்கு அலை எழும் என்று அன்றன்றைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது, காசும் கேட்பதில்லை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் வீராம்பட்டினத்தில் 1990களின் கடைசியிலேயே அலையின் உயரத்தை இணையத்தில் பார்த்து ஊருக்கே ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அப்போது ஊருக்கே ஒரு நிலையம்தான். இப்போது எங்கள் காரில் மட்டும் ஆறு கைப்பேசி. ஆனால் ஓசியில் கிடைப்பதை மதிக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. வானிலை அறிவிப்பைப் பற்றி மாமா வைத்திருக்கும் கொள்கையும் ஆழமானது. ஒருமுறை பாம்பனில் ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "ஒண்ணுதானே! பதினொண்ணு வரைக்கும் இருக்கு. இன்னும் பத்து பாக்கி" என்றார். பதினொன்றாம் எண் ஏறினால் தகவல் தொடர்பே அற்றுப்போனது என்று பொருள். அதற்குப் பிறகு மாமாவிடம் யாரும் போய் எதையும் சொல்ல முடியாது. இப்போதும் நிலைமை அதுதான்.

வானம் துடைத்துவிட்டது போல இருந்ததைக் காட்டித்தான் அன்று எங்கள் வாயை அடைத்தார். மேகம் இல்லை, இடி இல்லை, எங்கிருந்து அலை வரும்? நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் மலையாளக் கரையார் கள்ளக்கடல் என்று ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ ஒரு சூறாவளி தண்ணீரைப் புரட்டிவிடும். அந்த அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சத்தமில்லாமல் நடந்துவந்து, காற்றே இல்லாத, வெயில் அடிக்கிற கரையில் திருடன்போல ஏறும். யுனெஸ்கோவே 2012-ல் இந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது. மாமா இன்னும் ஏற்கவில்லை. "திருடன்னா ராத்திரில்ல வருவான்?"

நம் பக்கத்து ஓதம் சிறியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குஜராத்தின் காம்பே வளைகுடா மாதிரி கடல் கண்ணுக்கெட்டாத தூரம் போய்த் திரும்புவதெல்லாம் இங்கே இல்லை. அதனால்தான் நமக்கு இந்த அலட்சியம் சௌகரியமாகப் பழகிவிட்டது. முழங்கால் தண்ணீர் மெல்ல இடுப்பளவாவதை ஓர் ஏற்றம் என்று யார் மதிப்பார்கள்? அதன்மேல் காற்றலை ஏறி, அந்த அலை கரைக்கு வந்து திரும்பும்போது காலடி மணலையும் வாரிக்கொண்டு போகும் என்பதெல்லாம் இறங்கி நின்ற பிறகு தெரிந்தால் போதாதா? மாமா குழந்தைகளுக்கு என்று தனியாக ஓர் இடம் தேர்ந்தெடுத்தார். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருத்துக் கிடந்த ஒரு சந்து. பெரியவர்கள் அலையில் ஆடட்டும், பிள்ளைகள் இங்கே பத்திரமாக இருக்கட்டும் என்ற தாயுள்ளம். கரையேறிய தண்ணீர் எல்லாம் ஒன்றுசேர்ந்து கடலுக்குத் திரும்பும் இழுவை அந்தச் சந்து வழியாகத்தான் ஓடுகிறது. ஆழம் கூடுதல் என்பதால்தான் அங்கே அலை உடைவதில்லை. ஆபத்துக்கு இவ்வளவு சாந்தமான முகம் இருக்கும் என்று மாமா எப்படி நினைப்பார், அவருக்குச் சூது தெரியாது.

என் தங்கை மகனுக்கு எட்டு வயது. அந்தச் சந்தில் முழங்காலளவில் நின்றிருந்தான். அடுத்துப் பார்த்தபோது கழுத்தளவில் இருந்தான். அவன் ஒரு அடிகூட எடுத்து வைத்திருக்கவில்லை. அங்கே கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் வலையைப் போட்டுவிட்டு ஓடியதை நான் பார்த்தேன். பையனின் சட்டைக் காலரைப் பிடித்தவர், இழுவையோடு மல்லுக்கட்டாமல் கரைக்கு இணையாக நாலைந்து கஜம் போய், அலை உடைகிற இடத்தில் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவ்வளவும் ஒரு நிமிஷத்துக்குள். பையன் இருமினான். என் தங்கை அழவில்லை, ரொம்ப நேரம் பேசவும் இல்லை.

"அண்ணே, இன்னைக்குப் பௌர்ணமி. தெரியாதா?" என்று கேட்டார் அந்த மனிதர்.

"தெரியுமே. அதனாலதானே வந்தோம்" என்றார் மாமா.

ஒரு வருஷத்தில் இந்தக் கதை நன்றாக வளர்ந்திருக்கிறது. இப்போது மாமா சொல்லும்போது பையனைப் பிடித்தது இரண்டு கைகள், அதில் ஒன்று மாமாவுடையது. காலையில் சாப்பிட்ட தயிர்தான் காப்பாற்றியது என்பதில் அத்தைக்குச் சந்தேகமே இல்லை.

2024 மே 6-ஆம் தேதி குமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோயிற்று. கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது நடப்பில் இருந்தது. அதைப் போன வாரம் மாமாவிடம் எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தார். அசைந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். "பாவம், என்னைக்குக் கிளம்பினாங்களோ, என்ன சூலமோ" என்றார்.

இந்தப் பேச்சு வந்ததே அடுத்த பயணத்தால்தான். ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரியில் முக்கடல் நீராட வேண்டுமாம். அலையைப் பார்த்தீர்களா, ஓதத்தைப் பார்த்தீர்களா என்று வழக்கம்போலக் கேட்டேன். மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது. பார்க்காமல் கிளம்புகிற ஆளா அவர்? காலண்டரைக் கொண்டுவந்து காட்டினார். கறுப்பு வட்டம், வியாழக்கிழமை, தெற்கே சூலம், பரிகாரம் தைலம். அத்தை நல்லெண்ணெயில் ஒரு பாட்டில் வாங்கி வைத்துவிட்டாள்.