மழை வேண்டும், மழை வேண்டாம்

அந்தக் காலத்தில் ஐப்பசி பிறந்தால் எங்கள் சபையில் இரண்டு விதமான ஜெபம் ஏறும். கமண்டல நாகநதிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் விவசாயக் குடும்பங்கள் மழைக்காக மன்றாடும். ஆரணியில் பட்டுத்தறியை நம்பிப் பிழைத்த எங்களைப் போன்ற நாலைந்து வீட்டார், மழை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகட்டும் என்று கேட்போம். விடியும் முன்பே தெரு நீளத்துக்குப் பாவு விரித்து, கஞ்சி போட்டு, அறுந்த இழைகளைத் தேடி முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். தூறல் விழுந்தால் அன்றைய வேலை போச்சு. பெருமழை பிடித்தால் குழித்தறியில் தண்ணீர் ஊறும். அப்பாவுக்குக் கால் இறக்கி மிதிக்க வழியிருக்காது. தீபாவளிக்குள் சேலை இறங்காவிட்டால் கூலி ஏது?

ஆண்டவர் யார் பேச்சைக் கேட்பார் என்று ஒரு வருஷம் அம்மாவிடம் கேட்டேன்.

"ரெண்டு பேர் பேச்சையும் கேப்பாரு. நீ அவங்களுக்கும் சேத்துக் கேளு" என்றார்.

அன்றிரவு குடும்ப ஜெபத்தில் அம்மா மழைக்காகவே ஜெபித்தார், நிலம் காய்ந்து கிடந்த வீட்டாரைப் பெயர் சொல்லி. அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. எங்கள் தறி நின்றது. ஞாயிறு ஆராதனையில் அப்பா அதைச் சொல்லி ஜெபிக்கக் கேட்டார். அந்த வாரமே, பயிர் பிழைத்த வீட்டார் ஒருவர் சைக்கிளில் அரை மூட்டை நெல் கொண்டுவந்து திண்ணையில் இறக்கினார். எங்கள் வீட்டு அடுப்பின் நிலைமை அவருக்கு ஜெபத்தின் வழியாகத்தான் தெரிந்தது.

இன்று ஊரில் விசைத்தறி ஓடுகிறது. கம்ப்யூட்டர் ஜக்கார்டு வந்துவிட்டது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஜெபக் குறிப்புகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. விசா, நீட் மதிப்பெண், வீட்டுக் கடன். ஒவ்வொன்றின் கீழும் வரிசையாக 'ஆமென்', கைகூப்பிய படம். துபாயில் இருப்பவரும் நம் வீட்டு நோயாளிக்காக ஜெபிக்க முடிகிறது என்பது பெரிய காரியம்தான். ஆனால் பக்கத்துத் தெருவில் இருப்பவரும் ஆமென் போட்டதோடு நின்றுவிடுவதைப் பார்க்கையில் நெஞ்சு வலிக்கிறது.

கேட்பது தவறில்லை. அன்றாட அப்பத்தைக் கேட்கச் சொல்லிக் கொடுத்தவரே இயேசு. அவரே கெத்செமனேயில் நீங்கும்படி கேட்ட பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. பவுல் மூன்று தரம் வேண்டியும் அவர் மாம்சத்தில் இருந்த முள் எடுபடவில்லை. பெற்றுக்கொள்வது மட்டுமே ஜெபத்தின் நோக்கம் என்றால், இவர்கள் இருவர் ஜெபமும் வீண் என்றாகிவிடும்.

கேட்டது கிடைக்காவிட்டாலும் ஜெபம் வீண் அல்ல என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1853-இல் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷனுக்கு ஆரணியும் ஒரு நிலையம். அந்தக் குடும்பத்துப் பெண் ஐடா, அமெரிக்கா திரும்பிவிடும் எண்ணத்தோடு திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தார். ஓர் இரவு மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையில் கிடந்த மனைவியைக் காப்பாற்ற வரச்சொல்லி அவரை அழைத்தார்கள். அவர் மருத்துவர் அல்ல. மருத்துவரான அவருடைய அப்பாவையோ, ஆண் என்பதால், அவர்கள் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். இரவெல்லாம் ஜெபத்தில் போராடிய ஐடா, காலையில் மருத்துவம் படிக்க முடிவு செய்தார். 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஆரணியிலிருந்து இன்றும் நோயாளிகள் பஸ் ஏறிப் போகும் சி.எம்.சி. மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்ததுதான்.

அந்த இரவில் மாறியது ஜெபித்தவரின் மனம். அம்மா மழைக்காக ஜெபித்தபோதும் எங்கள் வீட்டில் அதுவே நடந்தது. ஜெபம் நம்மை ஆண்டவர் பக்கமும் அயலார் பக்கமும் திருப்புகிறது; அதற்காகத்தான் அது நமக்குத் தரப்பட்டது என்று நம்புகிறேன்.

உங்கள் சபைக் குழுவில் இன்றைக்கும் ஒரு ஜெபக் குறிப்பு வந்திருக்கும். ஜெபியுங்கள். பிறகு அந்த வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.