மே மாதத்திலும் ஊட்டியில் குடியிருக்க அனுமதி கோரி

அனுப்புநர்: ஊட்டியிலேயே பிறந்து தொலைத்த ஒருவன்
பெறுநர்: சீசனைக் கட்டிக் காக்கும் உயர்திரு அதிகாரி அவர்கள்
பொருள்: கோடை சீசனில் உள்ளூர்வாசிகள் வீட்டில் தங்க இ-பாஸ் வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

வருகிற விருந்தாளிகளுக்கு நாங்கள் இடைஞ்சலாக இருப்பதற்கு முதற்கண் வருந்துகிறோம். அவர்கள் ஏரிக்குப் போகும் நேரம் பார்த்து நாங்கள் ரேஷன் கடைக்குக் கிளம்பிவிடுகிறோம். சேரிங்கிராஸ் சந்திப்பில் குறுக்கே நடக்கிறோம். சிலர் வேலைக்கே போகிறார்கள்.

உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்குள் வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. வண்டிக்கு நாலு பேர் என்றால் ஒரே சனிக்கிழமையில் 32,000 பேர். ஊட்டி நகராட்சியில் 2011 கணக்குப்படி நாங்கள் 88,430 பேர்தான். எல்லோரும் ஊட்டிக்கே வருவதில்லை, முதுமலைக்கும் போவார்கள் என்பீர்கள். யானைகளிடமும் ஒரு மனு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நீலகிரிப் பதிவெண்ணான டி.என். 43 வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டாம் என்று எங்களுக்குச் சலுகை கொடுத்தீர்கள். நகராத வண்டிக்குப் பாஸ் எதற்கு? கோவைக்கு அனுப்ப வேண்டிய நெஞ்சுவலிகளை ஜூலைக்குத் தள்ளிப்போடும்படி பெரியவர்களிடம் சொல்லியிருக்கிறோம். லாட்ஜுகளுக்கு லாரியில் தண்ணீர் ஏறும் நாட்களில் எங்கள் குழாயில் நல்ல மலைக்காற்று வருகிறது.

தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பால்மனையே கோயில். அவர்கள் வீட்டுப் பெண்களே உள்ளே போகாத இடம் அது. செல்ஃபி குச்சிக்கு மட்டும் தீட்டில்லை போலிருக்கிறது, வாசல்வரை போய்விடுகிறது. எருமை சரியான பக்கம் திரும்பவில்லை என்று கோபித்துக்கொள்கிறவர்களும் உண்டு. சடங்குகளைச் சனி, ஞாயிறுக்கு மாற்றி, தினம் இரண்டு காட்சியாக நடத்தச் சொல்லலாம். தோடர் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இழை எண்ணிக் கையால் தைக்கிற அந்தச் சால்வைக்கு வாரக்கணக்கில் ஆகும். பேரம் பேச ஒரு நிமிடம் போதும்.

வாடகை வீடெல்லாம் காட்டேஜ் ஆகிவிட்டதால், அங்கே மெத்தை விரிக்கிற பெண்ணுக்கு ஊருக்குள் வீடு கிடைப்பதில்லை. இதைக் குறை என்று எழுதவில்லை. வளர்ச்சி என்று நீங்கள் அச்சடித்த வண்ணக் கையேட்டில் படித்தேன்.

ஆகவே, சீசனில் நாளொன்றுக்கு இத்தனை உள்ளூர்வாசிகள் என்று வரம்பு வைத்துவிடுங்கள். பாஸ் கிடைக்காதவர்கள் சமவெளிக்கு இறங்கிவிடுகிறோம். விருந்தாளிகளின் வீடுகள் அங்கே பூட்டித்தானே கிடக்கும், சாவியை மேட்டுப்பாளையத்தில் கொடுத்துவிட்டு ஏறட்டும். அவர்கள் வாசலில் சிப்ஸ் பாக்கெட்டுகளைப் போடவும், பூஜை அறைக்குள் செருப்போடு நின்று படம் எடுக்கவும், பக்கத்து வீட்டுப் பாட்டி சமைப்பதை ஜன்னல் வழியே வீடியோ பிடிக்கவும் எங்களுக்குத் தடையில்லை என்று ஆணையில் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த உள்ளூர்வாசி

இணைப்பு: குடும்ப அட்டை நகல், வீட்டு வரி ரசீது, போக்குவரத்து நெரிசலில் நின்றபடி எடுத்த பாஸ்போர்ட் அளவு படம்.