சுவரைத் தட்டும் மாமா

புதிதாகக் குடிவந்தவர்கள் பால் காய்ச்சி முடித்த மறுநாள் காலை, இன்னும் பிரிக்காத அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் ஒருவர் வந்து நிற்பார். செருப்பை வாசலில் விட்டிருப்பார். காதில் பென்சில் செருகியிருக்கும். "படம் கிடம் மாட்டறதுக்கு இருக்கா?" என்பார். நாம் யோசித்துப் பதில் சொல்வதற்குள் ஹால் சுவரைத் தட்ட ஆரம்பித்திருப்பார்.

சென்னையில் கொஞ்சம் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு எதை எடுத்தாலும் இவர் உண்டு. மின்வாரியத்திலிருந்தோ ரயில்வேயிலிருந்தோ ஓய்வு பெற்றிருப்பார். வங்கியிலிருந்து வந்தவர் என்றால் கொஞ்சம் கூடுதல் பொறுமை வேண்டும். துளையின் அளவை இரண்டு முறை சரிபார்ப்பார். இவருடைய சொந்தப் பெயர் சங்கத் தேர்தல் பட்டியலில்தான் இருக்கும். மற்றபடி 'தட்டு மாமா' என்றால் வாட்ச்மேன் வழிகாட்டிவிடுவார்.

படம் மாட்டுவதென்றால் நாம் ஆணியைப் பற்றி யோசிப்போம். மாமாவுக்கு ஆணி பிறகு. நடுவிரலை மடக்கி, கணுவால், கீழிருந்து மேலாக, சாணுக்கு ஒரு தட்டு. தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், கண் மூடியிருக்கும். கச்சேரிக்கு முன்னால் மிருதங்கக்காரர் கல்லால் விளிம்பைத் தட்டிச் சுருதி சேர்க்கும்போது முகத்தில் ஒரு சந்தேகம் ஓடுமே, அதே சந்தேகம். அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசிலடித்தால் கையை உயர்த்தி "ஷ்" என்பார். அவருக்காக அடுப்பை அணைத்த வீடுகளும் உண்டு.

பிறகு தீர்ப்பு வரும். செங்கல் சுவர், அதிலும் ஒன்பது இஞ்ச் சுவர் என்றால் முகம் மலர்ந்துவிடும். "இது சுவர்!" என்று தடவிக் கொடுப்பார். நாலரை இஞ்ச் என்றால் மலர்ச்சியில் பாதி. அதன் மேல் அரை இஞ்ச் கனத்துக்குச் சிமெண்ட் பூச்சு இருக்கும். நம்மில் பலர் அடிக்கிற ஆணி அந்தப் பூச்சிலேயே பயணத்தை முடித்துக்கொள்கிறது. அது ஆடத் தொடங்கியதும் துளைக்குள் ஊதுபத்திக் குச்சியைத் திணித்து முட்டுக் கொடுக்கிறோம். மாமா வந்ததும் முதல் வேலையாக அந்த ஆணியை இரண்டு விரலால் உருவி எடுப்பார். உள்ளே இருந்து வருவதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக வைப்பார். "ரெண்டு ஊதுபத்திக் குச்சி, ஒரு தீக்குச்சி, கொஞ்சம் பஸ் டிக்கெட். கல்யாண போட்டோ இத்தனை நாள் சாமி புண்ணியத்துல நின்னிருக்கு தம்பி."

இப்போது கட்டுகிற அடுக்குமாடிகள் பலவற்றில் செங்கல்லே இல்லை. நிலக்கரிச் சாம்பல், சிமெண்ட், சுண்ணாம்பு எல்லாவற்றையும் கரைத்து, அலுமினியத் தூள் போட்டு உப்ப வைத்து, நீராவியில் வேகவைத்த ஏஏசி கல். எடை செங்கல்லில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். தட்டினால் 'பொத்' என்று கேட்கும். மாமாவின் முகமும் அப்படியே ஆகும். "சுத்தியலை உள்ள வெச்சிடுங்க" என்பார். ட்ரில்லைச் சாதாரணச் சுழற்சியில் வைத்து, அதிர்வு இல்லாமல், அளவுக்குச் சற்றுக் குறைவாகவே துளை போட்டு, நீளமான நைலான் பிளக்கை இறக்குவார். ஆணி அடித்தால் முதலில் சுகமாக உள்ளே போகும், போன சுகத்திலேயே வெளியே வந்துவிடும் என்பது அவர் வாதம். வெண்ணெய் போல இறங்குகிற ஆணியைப் பார்த்துப் பூரித்துப்போகும் மாப்பிள்ளைகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் எழும்பியிருக்கும் உயரமான கோபுரங்கள் பலவற்றில் கதையே வேறு. அலுமினிய அச்சு நிறுத்தி, சுவரையும் தளத்தையும் ஒரே வார்ப்பாகக் கான்கிரீட்டில் ஊற்றிவிடுகிறார்கள். அங்கே தட்டினால் சத்தம் வராது, விரல்தான் வலிக்கும். சாதாரண ஆணி வளையும். ஸ்டீல் ஆணி பொறி பறக்கவிட்டு எதிர்ச்சுவருக்குப் போகும். மாமா கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஹேமர் ட்ரில்லை எடுப்பார். ஓர் இஞ்ச் போனதும் சத்தம் மாறி 'கிர்ர்' என்று நின்றால் உடனே கையை எடுத்துவிடுவார். உள்ளே கம்பி. வீட்டுக்காரர் "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க சார்" என்றால் மாமாவுக்குக் கோபம் வரும். "கட்டடம் அதுலதான் நிக்குது. உங்க படம் ரெண்டு இஞ்ச் தள்ளி நிக்கட்டும்." பிடிவாதக்காரர் என்று பெயரெடுத்த மனிதர் தயங்காமல் விட்டுக்கொடுப்பது கம்பிக்கு மட்டும்தான்.

ஜிப்சம் போர்டுத் தடுப்பு என்றால் அவருக்கு இளக்காரம். "இது சுவரே இல்லை, திரை" என்பார். ஆனாலும் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மையை எடுத்து அந்தத் திரை மேல் மெதுவாக ஊர்வலம் விடுவார். அது ஓரிடத்தில் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். அங்கே போர்டை முடுக்கிய திருகு இருக்கிறது, திருகுக்குப் பின்னால் தகரச் சட்டம் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டடிக்கு ஒன்று ஓடும் அந்தச் சட்டத்தில்தான் கனமான படம். சட்டம் கிடைக்காத இடத்தில் படம் வேண்டுமென்று அடம்பிடிப்பவர்களுக்கு, உள்ளே போய் இறக்கை விரித்துக்கொள்ளும் போல்ட் ஒன்று வைத்திருக்கிறார். டைல்ஸுக்குச் செல்லோ டேப்பைக் குறுக்காக ஒட்டி, அதன் மேல் குறி வைத்து, டைல் தாண்டும்வரை ஹேமரைத் தொடமாட்டார். அதைப் பற்றி அவ்வளவுதான் பேசுவார்.

பேச்சு நீள்வது துளைக்குள் இறக்கும் ரால் பிளக்கில். போன மார்கழியில் ஒரு வீட்டுப் பூஜையறையில் பெருமாள் படம் மாட்டும்போது அந்த வரலாறு அரங்கேறியது. அந்தக் காலத்தில் சுவரைக் கொத்தி மரக்கட்டையைப் பதித்து அதில் திருகுவார்கள். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் மின்சாதனங்களைப் பொருத்தும் வேலை வந்தபோது, சுவரை அவ்வளவு சிதைக்கக் கூடாது என்பதற்காக ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற ஒப்பந்ததாரர் சின்னக் குழல் ஒன்றைச் செய்தார். 1911-இல் காப்புரிமை வாங்கினார். "எதுல செஞ்சார் தெரியுமோ? சணல் நாரு. அதை ஒட்டறதுக்கு மாட்டு ரத்தம் மாதிரி ஏதோ மிருக ரத்தம்." பக்கத்தில் மணையில் உட்கார்ந்து பூ தொடுத்துக்கொண்டிருந்த பாட்டியின் கை நின்றது. "ரத்தமா? பெருமாளுக்கா?" மாமா ஏணியிலிருந்து இறங்கவேண்டியதாயிற்று. இப்போது கையில் இருப்பது நைலான் என்றும், 1958-இல் ஆர்ட்டூர் ஃபிஷர் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த வம்சம் என்றும், இதற்கும் எந்தப் பிராணிக்கும் சம்பந்தமில்லை என்றும் விளக்கினார். பாட்டி பிளக்கை வாங்கி முகர்ந்து பார்த்து, தண்ணீர் தெளித்துத் திருப்பிக் கொடுத்தார். ஈரம் காயும்வரை மாமா துளை போடவில்லை. அதற்கும் அவரிடம் காரணம் இருந்தது.

எடை விஷயத்தில் அவரிடம் ஊகம் செல்லாது. படத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எடைமெஷினில் ஏறுவார், பிறகு வெறுங்கையோடு ஏறுவார், கழிப்பார். (இந்த வழக்கத்தால் அவருடைய எடை குடியிருப்பு முழுக்கத் தெரியும்.) இரண்டடிக்கு மூன்றடிப் படத்தில், இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே ஏறக்குறைய இரண்டேமுக்கால் கிலோ. தேக்குச் சட்டம், பலகை, கல் பதித்த வேலைப்பாடு எல்லாம் சேர்ந்த தஞ்சாவூர் ஓவியம் என்றால் கேட்கவே வேண்டாம். பின்னால் கட்டும் கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டுவது பலம் என்று நாம் நினைக்கிறோம். மாமா பதினோராம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டு அதே இடத்தில் கணக்குப் போடச் சொல்வார். கம்பி கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிந்திருந்தால் இரு பக்கமும் ஆளுக்குப் படத்தின் எடையளவு இழுவிசை. 10 டிகிரிதான் சரிவு என்றால் ஏறக்குறைய மூன்று மடங்கு. பத்துக் கிலோ படம் கம்பியை இருபத்தொன்பது கிலோவாக இழுக்கும். பையனுக்கு அன்றைக்கு மாலை விளையாட்டு போனது. ஆனால் தொய்வாகக் கட்டிய கம்பிதான் நிம்மதியான கம்பி என்பது அந்த வீட்டில் இனி மறக்காது.

இவரைக் காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டுக்குக் கல்யாணத்துக்கு அழைத்துப்போனவர்கள் தனியாக நொந்துகொள்வார்கள். மாப்பிள்ளை அழைப்பு நடக்கும்போது மாமா முகப்பில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூரையை ஒட்டிய உயரத்தில் வரிசையாக முன்னோர் படங்கள், எல்லாம் முன்பக்கம் சாய்ந்தபடி. தரையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தாத்தாவின் முகம் தெரியவேண்டும், கண்ணாடியில் முற்றத்து வெளிச்சம் அடிக்கக் கூடாது. அதற்காகக் கீழே தாங்கு கொடுத்து, மேலே கயிற்றில் சாய்த்துக் கட்டினார்கள். அந்தச் சாய்வில் உண்டான முக்கோண இடத்தில் சிட்டுக்குருவி கூடு கட்டியது, பல்லி குடும்பம் நடத்தியது. மாமாவுக்குப் பிடித்ததோ சுவர். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பை இழைத்து இழைத்துப் பளிங்காக்கிய பூச்சு. அதைத் தட்டக்கூட மனம் வராமல் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். "இதுல ஹேமர் போட்டா தகடு தகடா பெயர்ந்துடும். பழைய முளை எங்க இருக்கோ அங்கதான் மாட்டணும்" என்று யாரும் கேட்காத ஆலோசனையைச் சம்பந்தி வீட்டாருக்குச் சொல்லிவிட்டு வந்தார். தாலி கட்டியதைப் பார்த்தாரா என்பது இன்றுவரை விவாதத்தில் இருக்கிறது.

வாடகைக்கு இருப்பவர்கள் இவருக்குப் பயந்து பசை ஹூக்கை ஒட்டிக்கொள்கிறார்கள். 'சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது' என்று ஹவுஸ் ஓனர் சொல்லியிருப்பார். மாமா அதைப் பார்த்ததும் ஒரு பரம்பரையே சொல்வார்: "பசை பிடிச்சிருக்கறது பெயிண்ட்டை. பெயிண்ட் பிடிச்சிருக்கறது பட்டியை. பட்டி யாரை நம்பியிருக்கோ." ஐப்பசி மழையில் அந்தப் பரம்பரை மொத்தமாகக் கீழே வரும்போது, மேல்தளத்தில் அவர் காதில் பென்சிலைச் செருகிக்கொள்வார். வீட்டைக் காலி செய்யும்போது ஆணி அடித்த துளைகளைப் பற்பசையால் அடைத்துவிட்டுப் போகிறவர்களை மட்டும் அவர் மன்னிப்பதில்லை. வெள்ளை சிமெண்ட் அவரிடம் இலவசமாகவே கிடைக்கும்.

ட்ரில்லை எடுக்குமுன் சுவிட்ச் போர்டைத் தேடுவார். அதற்கு நேர் மேலும் கீழும் வயர் ஓடும், அந்தக் கோட்டில் துளை கிடையாது. சுவருக்கு அந்தப்புறம் குளியலறையா என்று எட்டிப் பார்ப்பார். காகித உறை ஒன்றைக் கிழித்துத் துளைக்குக் கீழே ஒட்டிவைப்பார், தூசி அதில் விழும். ரசமட்டத்தைச் சட்டத்தின் மேல் வைத்து, குமிழி நடுவில் நின்றபின்தான் மூச்சு விடுவார். காசு வாங்கமாட்டார், காபி குடிப்பார். இத்தனை ஆண்டுகளில் அவர் மாட்டிய படம் ஒன்றுகூட விழுந்ததில்லை. குடியிருப்பில் பகல் இரண்டு மணி முதல் நான்கு மணிவரை ட்ரில் போடக் கூடாதென்று விதி வந்ததே இவரால்தான் என்பதும் உண்மை.

இவருடைய சொந்த வீட்டில், மளிகைக்கடையில் கொடுத்த தினசரி காலண்டர் ஒன்று, நீர்த்தொட்டியைத் தாங்கக்கூடிய ஆங்கர் போல்ட்டில் தொங்குகிறது. டிசம்பர் 31 அன்று காலண்டரில் ஒரே ஒரு தாள்தான் மிச்சம் இருக்கும், போல்ட் அப்படியே இருக்கும்.

குறை ஒன்று சொல்லவேண்டும். மாமா படத்தைப் பார்ப்பதில்லை. சுவரின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும், சட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. மூன்றாம் மாடியில் ஓவியம் படித்த பெண்ணின் நவீன ஓவியத்தை, குமிழி இம்மியும் நகராமல், நான்கு பிளக்கில், தலைகீழாக மாட்டினார். அவள் சொன்னபோது ரசமட்டத்தைத்தான் நீட்டினார். அவரை ரொம்பவும் குற்றம் சொல்வதற்கில்லை. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1961-இல் மத்தீஸ் என்ற ஓவியரின் படகு ஓவியம் 47 நாள் தலைகீழாகத் தொங்கியது. அங்கே இருந்தவர்கள் நிபுணர்கள்.

எனவே உங்கள் குடியிருப்பிலும் இப்படி ஒரு மாமா இருந்தால் தாராளமாகக் கூப்பிடுங்கள். ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள், குக்கரை இறக்கி வையுங்கள், ராலிங்ஸ் கதையைக் கேளுங்கள். அவர் வருவதற்கு முன்னால் மட்டும் படத்தின் பின்பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டு, 'மேல்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிடுங்கள்.