எந்த வருசம்னு கேட்டா, எதுக்குன்னு கேளு

நடப்பு விசுவாவசு. உன் செல்போன் 2025ங்குது. இருந்துட்டுப் போகட்டும். ஆனா பேராண்டி, இளையாத்தங்குடியில நின்னுக்கிட்டு அந்த ஒரு நம்பரை மட்டும் நம்பிக்கிட்டுத் திரியாதே.

வி.ஏ.ஓ. ஆபீசுல கேளு, பசலி 1435ம்பாங்க. ஜூலை 1-ல பொறக்கும். அக்பர் காலத்துல வெள்ளாமையைப் பார்த்து வரி வாங்க வச்ச கணக்கு. அக்பர் போய்ச் சேர்ந்துட்டாரு, வரி போகலை. டில்லி சர்க்கார் 1957-ல தேசியக் காலண்டருன்னு சக வருசத்தை எடுத்துக்கிச்சு. அதுல இது 1947. சுதந்திரம் இப்பத்தான் வந்துச்சுன்னு கொடியைத் தூக்கிறாதே. திருவள்ளுவர் கணக்குல 2056. அது தையில மாறும். புத்தாண்டையே தைக்குக் கொண்டுபோய் 2008-ல சட்டம் போட்டாக, 2011-ல திரும்பச் சித்திரைக்கே இழுத்துட்டு வந்தாக. எனக்கு ரெண்டு நாளும் பாயசம்.

வட்டித் தொழிலுக்குன்னு கடல் தாண்டிக் கொண்டுவிக்கப் போன நம்ம நகரத்தாரு, அதான் செட்டியாருக, பர்மாவுல இறங்குனா அங்க வேற கணக்கு; இன்னைக்கு அது 1387. அத்தனையையும் தெரிஞ்சு வச்சிருந்ததாலதான் வட்டி தவறலை.

பாண்டியன் கல்வெட்டைப் பாரு, இன்னும் கூத்து. ராசா பட்டம் ஏறுனதுல இருந்து எண்ணுவாக. அதுலயும் "இரண்டாவதின் எதிர் ஐந்தாவது"ன்னு செதுக்கியிருப்பாக. கூட்டிக்க, ஏழாம் வருசம். ராசா மாறினா மறுபடி ஒண்ணுல இருந்து. நம்ம நகரத்தாரு அந்தப் பக்கமே போகலை. பாண்டியன் தங்களுக்கு இந்த ஊர்க் கோயிலைக் கொடுத்தது கலியுகக் கணக்குல 3808-லன்னு சொல்லிக்கிட்டாக, அதாவது கி.பி. 707. ராசா செத்தாலும் கலி சாகாதுல்ல? கணக்குப்பிள்ளை மூளை.

நம்ம அறுபது வருசச் சுத்து இருக்கே, அதுதான் எனக்குப் பிடிச்சது. நான் ஜய வருசம், 1954. என் கொள்ளுப்பேத்தியும் ஜய வருசம், 2014. ரெண்டு பேரும் ஒரே வருசத்துப் பிள்ளைகன்னு சொன்னா அவ என்னை அடிக்க வாரா.

நீ பிரபவ. 1987-ல பொறந்திருந்தாலும் பிரபவ, 1927-ல பொறந்திருந்தாலும் பிரபவ. பொண்ணு வீட்டுல கேட்டா நம்பராவே சொல்லிரு. வருசப் பேரைச் சொல்லி நிறுத்தினே, உன் மண்டையைப் பார்த்துட்டு 1927-தான்னு முடிவு கட்டிருவாக.